குழம்புக் கறை பட்ட சிறகு

அந்தக் காலத்தில் வானம் இவ்வளவு உயரத்தில் இல்லை. கடலோரப் பனைமரத்தில் ஏறி நின்று கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டால் மேலே இருப்பவர்களுக்குக் கேட்கும். மீன் பேசும், நண்டு பேசும், நத்தைகூட நேரம் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒன்று சொல்லும். மேலேயிருந்து மனிதருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் இடியை விட்டு மிரட்டமாட்டார்கள். ஒரு சம்மனசு இறங்கி வந்து, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார். வானதூதரை எங்கள் கரையில் சம்மனசு என்றுதான் சொல்வது.

எங்கள் கரைக்கென்று ஒதுக்கிய சம்மனசின் பெயர் இலாசியேல். நெடுநெடுவென்ற உயரம், சிரித்த முகம், இரண்டு பக்கமும் பாய் விரித்தாற்போல் வெள்ளைச் சிறகு. லட்சணத்தில் குறை சொல்ல முடியாது. வேலையில்தான் ஆள் சுத்த மோசம். சேதியை மறக்கமாட்டார், மாற்றியும் சொல்லமாட்டார். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து வரத் தெரியாது. 'நாளை உனக்குப் பெண் குழந்தை பிறக்கும்' என்று சொல்லப் போன இடத்தில், என்ன பெயர் வைப்பது என்று நடந்த சண்டையில் தாய்வீட்டார் கட்சியில் சேர்ந்துகொண்டு, குழந்தை பிறந்து அழுத பிறகுதான் மேலே போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. வானத்தில் பசி கிடையாது, அதனால் அடுப்பும் கிடையாது. அங்கே யாருக்கும் யாரும் உறவில்லை. எல்லாரும் சம்மனசுகள், எல்லாரும் நல்லவர்கள், அதோடு சரி. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவரை, கயித்தான் வீட்டு வாசலில் அவன் மனைவி பிரகாசி முதன்முதலாகப் பார்த்தபோது, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, ஏன் வெளியவே நிக்கிய?" என்றாள். அண்ணன் என்று இலாசியேலை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. அவள் அண்ணன் என்றதும் கயித்தான் தயங்காமல் "வாங்க மச்சான்" என்று பாயைத் தட்டிப் போட்டான். அன்றைக்கு என்ன சேதி கொண்டுவந்தார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. சாளை மீன் குழம்பு என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

அந்தக் குழம்பில்தான் வினை. இரண்டாம் தடவை வாங்கக் குனிந்தவரின் வலது சிறகு நுனி சட்டிக்குள் போய்விட்டது. பிரகாசி சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், கடல்மணலால்கூடத் தேய்த்துப் பார்த்தாள். வெற்றிலை அளவுக்கு மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கறை அப்படியே நின்றுவிட்டது. கயித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இனி எத்தன சம்மனசு கூட்டமா வந்தாலும் எங்க ஆளு யாருன்னு பட்டுன்னு சொல்லிருவோம்லா."

மேலே போனதும் அந்தச் சிறகை மடக்கியே வைத்துக்கொண்டு நடந்தார். தூதர்களுக்கெல்லாம் மேலாளாக இருந்த பெரிய சம்மனசு ஒருநாள் மூக்கைச் சுருக்கி, "இலாசியேல், இங்கே ஏதோ வாசனை வருகிறதே?" என்று கேட்டார். "கீழே பக்தி அதிகமாகிவிட்டது சுவாமி, அதன் வாசனை" என்றார் இலாசியேல். வானத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பெரியவரும் அதை நம்பிவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் விடியலில் கயித்தான் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது அவனுடைய வெற்றிலைப் பை மணலில் கிடந்தது. பார்த்த இலாசியேல், "மச்சான்! மச்சான்!" என்று பின்னாலிருந்து கத்தினார். அடுத்த நொடி பிரகாசியின் உள்ளங்கை அவர் வாயைப் பொத்தியது.

"என்னண்ணே காரியம் பண்ணிய! கடல்ல கால் வச்ச ஆம்பளையப் பின்னால இருந்து கூப்பிடலாமா? போன காரியம் கெட்டுரும். ஆளு நல்லபடியாத் திரும்பி வரணும்னா வாயை மூடிக்கிட்டு நிக்கணும்."

அன்றைக்குக் கயித்தான் வெறும் வலையோடு வந்தான். கரையில் யாரும் இலாசியேலை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவரைக் குடைந்தது. மறுநாள் முதல் மற்றப் பெண்களோடு தானும் கரையில் வரிசையாக நின்று, வள்ளங்கள் அலையைத் தாண்டும்வரை மூச்சுக் காட்டாமல் இருப்பார். அப்படி நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை. மேலே எத்தனையோ ஆயிரம் பாட்டுகள் அவருக்குத் தெரியும். ஆனால் ஓர் ஊர் தன் ஆள் என்று நினைத்துக் கற்றுக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், விடிய ஒரு நாழிகை இருக்கும்போது பெரிய சம்மனசு அவரை அழைத்தார்.

"இலாசியேல், இது விளையாட்டு இல்லை. இன்று கிழக்கிலிருந்து சூறைக்காற்று வருகிறது. மதியத்துக்கு முன்பே வந்துவிடும். அந்தக் கரையிலிருந்து ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது. கயித்தான் போகவில்லையென்றால் மற்ற ஆறு வள்ளமும் போகாது. அவனிடம் சொல். சூரியன் தண்ணீரை விட்டு எழும்புவதற்குள் சொல்."

"உடனே சொல்கிறேன் சுவாமி" என்று இலாசியேல் பாய்ந்து இறங்கினார்.

இறங்கும் வழியில், அலை நுரைக்கிற இடத்தில் கோலா மீன் காத்திருந்தது. அப்போதெல்லாம் கோலாவும் மற்ற மீன்களைப் போலத்தான், நீலமுதுகும் வெள்ளை வயிறுமாக இருக்கும் சாதாரண மீன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தண்ணீருக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அதற்கு அலுக்காது.

"சம்மனசையா, நேத்து பாதியில விட்டுட்டுப் போயிட்டியளே. மேகத்து மேல நின்னா கால் சில்லுன்னு இருக்குமா, வெதுவெதுன்னு இருக்குமா?"

"இன்றைக்கு அவசரம் கோலா."

"ஒரே ஒரு வார்த்தை."

ஒரு வார்த்தைதானே என்று நின்றார். மேகத்தில் ஆரம்பித்த பேச்சு நட்சத்திரத்துக்குப் போய், நட்சத்திரம் மீன் தின்னுமா என்ற கேள்விக்கு வந்து நின்றபோது கிழக்கில் வெளுப்புத் தட்டிவிட்டது. இலாசியேல் வாரிச் சுருட்டிக்கொண்டு கயித்தான் வீட்டுக்கு ஓடினார். பிரகாசி கஞ்சியை ஊற்றிவைத்துக்கொண்டு இருந்தாள்.

"வாங்கண்ணே. காத்து தோதா இருக்குன்னு அவிய அப்பவே கரைக்குப் போயிட்டாவ. நீங்க உக்காருங்க, நேத்துக் குழம்பு இருக்கு."

"வேண்டாம்மா."

பிரகாசி பயந்துபோனாள். நேற்றுக் குழம்பை அவர் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. "உடம்புக்கு என்னண்ணே?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிட்டார்.

கரையில் ஏழு வள்ளங்களும் தண்ணீரில் இருந்தன. ஆண்கள் முழங்கால் ஆழத்தில் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முதுகு கரைப்பக்கம். கயித்தான் பத்து எட்டு எடுத்துவைத்தால் தொடும் தூரத்தில்தான் நின்றான். அவன் பிடரியில் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது. சூரியன் இன்னும் எழும்பவில்லை. ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும்.

இலாசியேல் வாயைத் திறந்தார். 'ம' என்ற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவனுடைய கால்கள் தண்ணீருக்குள் இருப்பதைப் பார்த்தார். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே! அதுவும் இன்றைக்கு, இப்படி ஒரு நாளில், தன் வாயால் அவனுக்கு ஒரு கெடுதல் வரலாமா? முன்பக்கமாகப் பறந்து போய் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லிவிட்டால் முறையாகவும் இருக்கும், சேதியும் சேர்ந்துவிடும் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டார். பெண்களோடு பெண்களாக அந்த வரிசையில் ஒரு மூச்சு நேரம் நின்றேவிட்டார்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் வள்ளங்கள் அலையைத் தாண்டிப் பாயை ஏற்றிவிட்டன. கரைக்காற்று பின்னாலிருந்து தள்ள, விட்டேனா பார் என்று பறந்துவிட்டன. சூரியன் தண்ணீரை விட்டு எழும்பியது.

இலாசியேல் பறந்தார், பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டார், காற்று திரும்பிவிட்டது. கிழக்கிலிருந்து வந்த முதல் வீச்சு அந்தப் பெரிய சிறகுகளைப் பாயைப் போல ஊதி, அவரைத் தூக்கிக் கரையில் போட்டது. எழுந்து மறுபடி பறந்தார், மறுபடி கரையில் விழுந்தார். மூன்றாம் தடவை தலைகுப்புற விழுந்து வாயெல்லாம் மணல். வள்ளத்துக்காரர்களுக்கும் காற்று திரும்பியது தெரியும்தான். மதியம்வரை தாங்கும், வலையை இழுத்துவிட்டுத் திரும்பலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றைய காற்று அவ்வளவு நேரம் பொறுக்காது என்று தெரிந்த ஒரே ஆள் மணலில் கிடந்தார்.

பின்னாலேயே ஓடிவந்த பிரகாசி அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"பத்து எட்டுலயா நின்னாவ?"

"ஆமாம்மா."

"பின்ன ஏன் கூப்பிடல?"

"நீதானே சொன்னாய், கடலில் கால் வைத்தவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று."

பிரகாசி அவரையே பார்த்தாள்.

"அது நாங்க எங்களுக்குள்ள வச்சுக்கிட்ட சாங்கியம். பயந்து வாழுத சனங்க நாங்க, ஏதோ ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம். நீங்க வானத்துல இருந்து வந்தவரு. உங்களுக்கு எதுக்கு அது? நீங்க என்ன எங்க ஆளா?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இலாசியேலுக்கு மூன்று தடவை மணலில் விழுந்தது வலிக்கவில்லை, இது வலித்தது. அவர் எழுந்து தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு நடந்துபோய் நின்றார்.

கோலா அவர் காலருகே வந்தது. வழக்கமான வாயாட்டம் இல்லை. "என்னாலதான் உங்களுக்கு நேரம் போச்சு, சம்மனசையா" என்றது.

"உன்னால் இல்லை. நேரம் இருந்தது. நான்தான் வாயை மூடிக்கொண்டேன்."

"நான் போறேன். காத்து மேலதானே அடிக்குது, எனக்கு அடியில வழி இருக்கு. அவிய பாயைச் சுருட்டி வலை இறக்குததுக்குள்ள போய்ச் சேந்துருவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு அது மறுபடி சொன்னது: "ஆனா தண்ணிக்குள்ள இருந்து கத்துனா வள்ளத்துல இருக்கவியளுக்குக் கேக்காதே. விளிம்பு உசரத்துக்கு எனக்கு எழும்பவும் முடியாதே."

இலாசியேல் தன் சிறகுகளைத் திரும்பிப் பார்த்தார். சம்மனசின் சிறகில் ஒரு விஷயம் உண்டு. ஒரே ஓர் இறகைப் பிடுங்கினாலும் மிச்சமெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். அது தூதர்கள் எல்லாருக்கும் முதல்நாளே சொல்லித்தரப்படுவது. அவருக்கும் நன்றாகத் தெரியும்.

வலது சிறகின் நுனியில், குழம்புக் கறை பட்ட இறகைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். இடது பக்கத்திலும் ஒன்றை இழுத்தார். இரண்டையும் கோலாவின் இரண்டு விலாவிலும் வைத்து அழுத்தினார். அவை அங்கேயே பிறந்தவை மாதிரி ஒட்டிக்கொண்டன. அதற்குள் மற்ற இறகுகளெல்லாம் பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்தன. கோலாவின் சொந்தபந்தமெல்லாம் கூட்டமாக வந்து ஆளுக்கு இரண்டாக எடுத்துச் சொருகிக்கொண்டு அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

"திரும்பி வந்ததும் தந்துருதேன், சம்மனசையா!" என்று கத்திக்கொண்டே முதல் கோலா போனது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பெண்கள் நின்றார்கள். இலாசியேலும் நின்றார், ஆனால் வரிசையில் சேராமல் தள்ளி நின்றார். முதுகு லேசாக இருந்தது, அந்த லேசு பழகவில்லை. கிழக்கு கறுத்துக்கொண்டே வந்தது. பிரகாசி ஜெபமாலையை உருட்டினாள், எண்ணிக்கை தவறித் தவறி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் பாய் தெரிந்தபோது யாரும் கத்தவில்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. கிழக்குக் காற்றே அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஏழாவதாகக் கயித்தான் வள்ளம் மணலில் ஏறவும் வானம் உடைந்து கொட்டவும் சரியாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டே கயித்தான் சொன்னான்:

"ஒரு கோலா பறந்து வந்துச்சு மச்சான். மீனு பறக்குதேன்னு நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கோம். 'திரும்புங்க, காத்து வருது'ன்னு கத்துது. வலைக்குத் தப்பணும்னா மீனு என்னதான் சொல்லாதுன்னு எல்லாரும் சிரிச்சோம். பின்னாலயே கூட்டமா வந்து அதையே சொல்லுது. அப்பவும் நம்பல. கடைசியில முத வந்த கோலா நேரா என் மடியிலயே வந்து விழுந்துச்சு. சிறகைப் பாத்தேன், மஞ்சளா ஒரு கறை. எடுத்து மோந்து பாத்தேன். இவ்வளவு கடல்தண்ணி கழுவியும் போகல. எம் பொண்டாட்டி குழம்பு எனக்குத் தெரியாதா? 'எலேய், இது மச்சான் சொல்லி அனுப்புனது, பாயைத் திருப்புங்கலே'ன்னேன். கோலாவ எடுத்துத் தண்ணியில விட்டுட்டு வந்துட்டோம்."

அப்போதுதான் அவன் இலாசியேலின் முதுகைப் பார்த்தான். தோள்துண்டை எடுத்து அந்த வெறும் முதுகில் போர்த்தினான்.

மாலையில் மழை விட்டதும் வானத்திலிருந்து ஓர் ஏணி இறங்கியது. பெரிய சம்மனசே வந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இலாசியேலுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சேதியைச் சொன்னாயா?"

"நான் சொல்லவில்லை சுவாமி. மீன் சொன்னது."

"சிறகு?"

"மீனிடம் இருக்கிறது."

பெரிய சம்மனசு கடலைப் பார்த்தார். "நீ கெட்டவன் இல்லை, இலாசியேல். ஆனால் சேதி கொண்டுவருகிறவன் வெளியாளாக இருக்க வேண்டும். வெளியாளுக்குத்தான் பின்னாலிருந்து கூப்பிடும் துணிச்சல் இருக்கும். நீ இவர்களுடைய ஆளாகிவிட்டாய். வேறு யாரை அனுப்பினாலும் இவர்கள் அவனையும் உட்காரவைத்துச் சோறு போட்டுத் தங்கள் ஆளாக்கிவிடுவார்கள். இனி இங்கே தூதன் வேண்டாம். மேகத்தைக் காட்டுவோம், காற்றைக் காட்டுவோம், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். வானத்தையும் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவோம். நீ வா, உனக்குப் புதுச் சிறகு வைத்திருக்கிறது."

பிரகாசி ஏணிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் சட்டி இருந்தது.

"அண்ணன் சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று பெரிய சம்மனசிடமே சொன்னாள். அவரும் சரி என்று ஒதுங்கி நின்றுகொண்டார். இலாசியேல் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார். குனிந்தார், சட்டிக்குள் எதுவும் விழவில்லை. பிரகாசி குரலைத் தாழ்த்தி, "காலையில வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்கண்ணே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு ஏணியில் கால் வைத்தார். பெரிய சம்மனசு முன்னால் ஏற, அவர் பின்னால் ஏறினார். ஒவ்வொரு படியிலும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். யாராவது கூப்பிடுவார்கள். பிரகாசி 'அண்ணே' என்பாள். கயித்தான் 'மச்சான்' என்பான். இரண்டில் ஒன்று கேட்டாலும் இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது அவருக்கு. ஒருவரும் கூப்பிடவில்லை. அலைச்சத்தம் மட்டும்தான் கேட்டது. இவ்வளவுதானா என்று மனம் விட்டுப்போய், பனைமர உயரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

கரை முழுவதும் வரிசையாக நின்றிருந்தது. பெண்களோடு ஆண்களும் நின்றார்கள். பிரகாசி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கயித்தான் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். போகிற ஆள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டுமென்று ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இலாசியேல் அழுதுகொண்டே மிச்சப் படிகளில் ஏறினார். ஏணி உள்ளே போயிற்று. சொன்னபடி வானமும் மேலே போய்விட்டது.

மேலே அவருக்குப் புதுச் சிறகு தந்தார்கள். பளிச்சென்ற வெள்ளை, ஒரு பொட்டுக் கறை கிடையாது. விடியும் நேரமானால் அந்தச் சிறகின் வலது நுனியை மூக்கருகே கொண்டுபோவார். ஒரு வாசனையும் இருக்காது. மடக்கிவைத்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்ப்பார். அவ்வளவு உயரத்திலிருந்து கரை ஒரு கோடாகத்தான் தெரியும்.

மனிதர்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. கோலாவுக்கு மட்டும் அந்தச் சாங்கியம் தெரியாது. காற்றடங்கிக் கரைக்கு வந்து தேடியது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஆளைக் காணோம். தருகிறேன் என்று சொன்ன வாக்கு அதன் நெஞ்சில் முள்ளாக நின்றது. மேலே எழும்பி, "சம்மனசையா, உங்க சிறகு!" என்று கூப்பிட்டது. அவ்வளவு தூரத்துக்கு அதன் குரல் எட்டவில்லை. ஆனால் அது எழும்புவது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து, "நீயே வச்சுக்கோ கோலா, நீயே வச்சுக்கோ" என்று கரைக்காரர் பேச்சிலேயே சொல்வார். அதுவும் கீழே எட்டாது.

கோலா மீன் கடலை விட்டு எழும்பி, சிறகை விரித்துக் கொஞ்ச தூரம் பறந்து, யாரையும் காணாமல் மறுபடி தண்ணீரிலேயே விழுவது அன்று முதல்தான்.